கதவைத் திறந்த மகன்

மருத்துவமனை ஒன்றின் நீண்ட நடைக்கூடம். மூடிய கதவு ஒன்றின் முன்னே 15 வயதுச் சிறுவன் தனியே நிற்கின்றான். தலைமுடியில் பாதி வெண்மை, பாதி செம்மை. இடக் கண்ணைச் சூழ்ந்து பழைய தீப்புண்ணின் தழும்பு. கதவைத் திறக்கக் கையை உயர்த்துகின்றான், கை நடுங்குகின்றது. கதவுக்கு அப்பால் இருப்பவர் அவனைப் பெற்ற தாய். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளாக அவன் அவரைப் பார்த்ததில்லை. அவன் முகத்துத் தழும்பு அந்தத் தாயின் கையால் வந்தது.

அன்பு வாசகர்களே, இச்சிறுவன் ஜப்பான் நாட்டுச் சித்திரக் கதை ஒன்றின் பாத்திரம். பெயர் தோதோரோகி ஷோத்தோ. கோஹேய் ஹோரிகோஷி என்னும் ஓவியக் கதாசிரியர் 2014-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ‘வீக்லி ஷோனென் ஜம்ப்’ என்ற ஜப்பானிய வார இதழில் ‘மை ஹீரோ அகாடமியா’ என்னும் தொடரைத் தொடங்கினார். 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டில், 430 அத்தியாயங்களுடன் அது நிறைவுற்றது. ‘போன்ஸ்’ என்னும் படநிறுவனம் அதனை அனிமே எனப்படும் சித்திரப்படத் தொடராக 2016-இல் வெளியிடத் தொடங்கியது. அதன் இறுதிப் பகுதி 2025-இன் பிற்பகுதியில் வெளிவந்தது. வீரர்களும் தீயோரும் பொருதும் கதைதான் அது. எனினும் அந்த ஆரவாரத்தின் நடுவே ஒரு குடும்பத்தின் கதையும் ஓடுகின்றது. சிதறிய குடும்பம் மீண்டும் ஒருவரையொருவர் நோக்கி வரும்போது ஒரு வளரிளம் மகனின் உள்ளத்தில் என்ன நிகழ்கின்றது என்பதை அக்கதை பொறுமையோடு காட்டுகின்றது. பெற்றோராகிய நாம் அதனைச் சற்று நின்று பார்ப்பது பயனுடையதாகும்.

தந்தையின் கனவு

இக்கதையின் உலகில் ஐந்தில் நால்வர் ஏதேனும் ஓர் அரிய ஆற்றலோடு பிறக்கின்றனர். ஒருவர் பறப்பார், ஒருவர் பாறையாக மாறுவார். இவ்வாற்றலை மக்களைக் காப்பதற்குப் பயன்படுத்த உரிமம் பெற்றவர்களே வீரர்கள். காவலர், மருத்துவர் போன்று வீரமும் அங்கே ஒரு தொழில். யார் முதலிடம், யார் இரண்டாமிடம் என்ற வரிசைப் பட்டியலும் உண்டு. இவ்வாற்றலுக்கு மூலக்கதையில் வழங்கும் சொல் ‘கோசேய்’ என்பது. ஜப்பானிய மொழியில் அதன் நேர்ப்பொருள் ‘தனித்தன்மை’. இச்சொல்லை நாம் மனத்தில் இருத்திக்கொள்வோம்.

ஷோத்தோவின் தந்தை தோதோரோகி எஞ்ஜி. ‘எண்டெவர்’ என்ற வீரப்பெயர் பூண்டவர், நெருப்பை ஆள்பவர். பல்லாண்டுகளாக அவர் பெற்ற இடம் இரண்டாமிடம். முதலிடத்தில் ‘ஆல் மைட்’ என்னும் மாவீரர் அசையாது நின்றார். எவ்வளவு உழைத்தும் அவரை எட்ட முடியவில்லை. நெருப்பை மிகுதியாகப் பயன்படுத்தினால் தம் உடலே வெப்பத்தால் தளர்ந்துவிடும் என்பது எஞ்ஜியின் குறை. தம்மால் இயலாததைத் தம் பிள்ளை செய்து முடிக்கட்டும் என்று அவர் கருதினார். பனியை ஆளும் ரேய் என்ற பெண்ணை மணந்தார். நெருப்பும் பனியும் ஓருடலில் இணைந்த பிள்ளை பிறந்தால் வெப்பத்தைக் குளிர் தணிக்கும். அப்பிள்ளை ஆல் மைட்டை வெல்லும். இதுவே அத்திருமணத்தின் கணக்கு.

நான்கு பிள்ளைகள் பிறந்தனர். மூத்தவன் தோயா தந்தையினும் கொடிய நெருப்பைப் பெற்றான். உடலோ தாயின் உடல், குளிருக்கு ஏற்றது. தன் நெருப்பாலேயே அவன் தோல் வெந்தது. ஃபுயுமி என்ற மகளும் நாட்சுவோ என்ற மகனும் தந்தையின் கணக்கிற்குப் பொருந்தவில்லை. கடைக்குட்டியாகப் பிறந்த ஷோத்தோவின் வலப்பாதியில் பனியும் இடப்பாதியில் நெருப்பும் அமைந்தன. அவன் பெயரை எழுதும் இரண்டு எழுத்துகளின் பொருளும் ‘எரிதல்’, ‘உறைதல்’ என்பனவே. பெயரிடும்போதே பிள்ளையின் வாழ்வுக்குத் திட்டம் வரையப்பட்டுவிட்டது.

எஞ்ஜி கெட்ட நோக்கத்தோடு தொடங்கியவர் அல்லர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். மூத்தவனின் உடல் வேகின்றது என்று அறிந்ததும் அவனுக்குப் பயிற்சி தருவதை நிறுத்தினார். ஆனால் பயிற்சி நின்றபோது தந்தையின் பார்வையும் நின்றுபோயிற்று. அதுவரை தந்தையின் கண்மணியாக இருந்த மகன் ஒரே நாளில் வேண்டாதவனானான். தந்தை தன்னை மீண்டும் ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதற்காகவே அவன் மலையில் ஒளிந்து பயிற்சி செய்தான். வந்து பார்க்கும்படி தந்தையை வேண்டினான். தந்தை வரவில்லை. 13 வயதில் அம்மலையில் தன் நெருப்பிலேயே அவன் எரிந்து மாண்டான் என்று குடும்பம் நம்பியது.

கொதிநீர்

ஐந்து வயதில் ஷோத்தோவின் பயிற்சி தொடங்கியது. அடித்து வீழ்த்தி எழச்செய்யும் பயிற்சி. அண்ணன்மாரும் அக்காளும் முற்றத்தில் பந்து விளையாடுவதை அவன் எட்ட நின்று பார்க்கலாம், சேரக்கூடாது. இடையில் வந்து தடுத்த தாயும் அடிபட்டார். தந்தையைப்போல் ஆகமாட்டேன் என்று மகன் தாயின் மடியில் அழுதான். தந்தையின் இரத்தத்திற்கு நீ அடிமை அல்லன், நீ விரும்பும் வீரனாக நீ ஆகலாம் என்னும் கருத்தில் தாய் அவனைத் தேற்றினார். அச்சொல்லை அவன் பின்னாளில் மறந்துபோனான்.

மனம் நைந்த ரேய் ஒருநாள் தம் தாயுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் நாளுக்கு நாள் அவரைப்போலவே ஆகின்றனர், ஷோத்தோவின் இடப்பக்கத்தைக் கண்டாலே தாளவில்லை என்று கதறினார். கதவோரம் மகன் நின்றான். திரும்பிப் பார்த்த தாயின் கண்ணுக்கு மகன் தெரியவில்லை. கணவரின் முகமே தெரிந்தது. அடுப்பிலிருந்த கொதிநீரை எடுத்து அம்முகத்தின் இடப்பக்கத்தில் ஊற்றினார். அடுத்த நொடியே செய்தது என்னவென்று உணர்ந்து பதறினார். கணவர் அவரை மனநல மருத்துவமனையில் சேர்த்தார். அன்று முதல் அந்த வீட்டில் தாய் இல்லை.

சிறுவன் யார்மேல் குற்றம் சுமத்தினான்? தாயின்மேல் அன்று, தந்தையின்மேல். ஆகவே ஓர் உறுதி பூண்டான். தாயிடமிருந்து வந்த பனியை மட்டுமே பயன்படுத்துவேன்; தந்தையிடமிருந்து வந்த நெருப்பைத் தொடவேமாட்டேன்; அப்படியே முதல்வனாகி அவரை மறுத்துக்காட்டுவேன் என்பதே அது. புகழ்பெற்ற யூ.ஏ. உயர்நிலைப் பள்ளியில் பரிந்துரை பெற்றுச் சேர்ந்தபோது அவன் அமைதியானவன், திறமையானவன், எவரிடமும் ஒட்டாதவன். காண்போர் அதனை அடக்கம் என்றனர். உண்மையில் தன் உடலின் ஒரு பாதியையே வெறுத்து ஒதுக்கியவன் எவருடன் ஒட்ட முடியும்?

பள்ளியின் விளையாட்டு விழாவில் மிதோரியா என்னும் மாணவன் அவனுக்கு எதிர்நின்றான். போட்டிக்கு முன் ஷோத்தோ தன் கதையை அவனிடம் சொல்லியிருந்தான். பனித்தாக்குதலைத் தடுக்கத் தடுக்க மிதோரியாவின் விரல்கள் ஒவ்வொன்றாக முறிந்தன. அந்த நிலையிலும் அவன் கூவிய கருத்து ஒன்றே: அந்த நெருப்பு உன் தந்தையுடையது அன்று, உன்னுடையது! அப்போது ஷோத்தோவுக்குத் தாயின் மறந்துபோன சொல் நினைவுக்கு வந்தது. பத்தாண்டுகளில் முதன்முறையாக இடப்பக்கம் பற்றி எரிந்தது. அந்தப் போட்டியில் அவனே வென்றான். ஆனால் இறுதிப் போட்டியில் தயங்கி, மூட்டிய நெருப்பைத் தானே அணைத்துவிட்டு இரண்டாமிடம் பெற்றான். ஒரு நொடியின் எழுச்சி பத்தாண்டுக் காயத்தை ஆற்றிவிடவில்லை. கதாசிரியர் இங்கே உண்மையை மறைக்காதது பாராட்டுக்குரியது.

கதவுக்கு அப்பால்

இப்போது நாம் தொடக்கத்தில் கண்ட கதவுக்குத் திரும்புவோம். விழா முடிந்ததும், எவரும் சொல்லாமலே, ஷோத்தோ தாயைக் காணப் புறப்பட்டான். அக்காள் ஃபுயுமி வியந்தாள். இத்தனை ஆண்டுகள் அவன் செல்லாதது வெறுப்பினால் அன்று. தன் முகமே தாய்க்குத் துன்பம், தான் எதிரே நின்றால் தாயின் நோய் மிகும் என்று அவன் நம்பியிருந்தான். பெற்றோர் பிரிந்த வீடுகளில் பிள்ளைகள் சிலர் இவ்வாறே நினைக்கின்றனர். பெரியவர்களின் சண்டைக்குத் தாமே காரணம் என்று தம் சிறிய நெஞ்சில் தீர்ப்பு எழுதிக்கொள்கின்றனர். அத்தீர்ப்பை யாரும் அவர்களிடம் கேட்பதில்லை, அவர்களும் சொல்வதில்லை.

கதவு திறந்தது. தாய் அழுதார், மன்னிப்பு வேண்டினார். மகன் இத்தனை நாள் வராததற்கு அவர் அவனைக் கடியவில்லை. எதிர்பார்த்ததைவிட எளிதாக, புன்னகையோடு, மன்னித்தார். எதற்கும் கட்டுண்ணாமல் நீ உன் வழியில் முன்செல்வதே எனக்கு மகிழ்ச்சியும் மீட்பும் என்பது தாய் சொன்னதன் சாரம். காட்சி சில நிமிடங்களே. கட்டித் தழுவி முழங்கும் இசையோ, நீண்ட வசனமோ இல்லை. பெருங்காயம் பட்டவர் இருவர் ஒருவரையொருவர் விடுதலை செய்தனர்.

இச்சந்திப்போடு கதையை முடித்திருந்தால் அது இனிய கதையாக இருந்திருக்கும். உண்மையான கதையாக இருந்திராது. தாயைக் கண்ட நாளில் ஷோத்தோ வளர்ந்துவிடவில்லை. அன்றுதான் வளரத் தொடங்கினான். அதன் பின் அவன் எடுத்த முதல் முடிவே நம்மை வியக்கவைக்கின்றது. மாணவர்கள் தொழிற்பயிற்சிக்கு ஏதேனும் ஒரு வீரரின் அலுவலகத்தைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஷோத்தோ தேர்ந்தெடுத்தது தந்தையின் அலுவலகம். தந்தையை மன்னித்ததனால் அன்று. இரண்டாமிடத்தில் இருக்கும் ஒரு வீரரிடம் கற்கவேண்டியது உண்டு. அதனைத் தன் கண்ணால் கண்டு கற்கவேண்டும் என்பதே அவன் எண்ணம். வெறுப்பு அவன் கண்ணை மறைத்திருந்த காலம் முடிந்தது.

தன்னுள் கண்ட தந்தை

அடுத்த பாடம் கசப்பானது. தற்காலிக உரிமத் தேர்வில் இனாசா என்னும் வேற்றுப்பள்ளி மாணவன் ஷோத்தோவிடம் காரணமின்றிப் பகை காட்டினான். காரணம் பின்னர் வெளிப்பட்டது. சிறுவயதில் எண்டெவரிடம் ஆசையோடு கையொப்பம் கேட்கப் போய்த் தள்ளப்பட்டவன் அவன். எண்டெவரின் குளிர்ந்த கண்களை மறக்காதவன். பள்ளிச் சேர்க்கைத் தேர்வில் ஷோத்தோவை வாழ்த்தப் போனபோது அதே கண்களை மகனிடமும் கண்டானாம். இருவரும் சச்சரவிட்டுத் தேர்வில் தோற்றனர். தந்தையைப்போல் ஆகமாட்டேன் என்று ஐந்து வயதில் அழுதவன், தான் அறியாமலே தந்தையின் கண்களால் உலகைப் பார்த்திருந்தான்.

வெறுப்பு நாம் வெறுப்பவரிடமிருந்து நம்மைப் பிரித்துவிடும் என்று நினைக்கின்றோம். பல வேளைகளில் அது அவரையே நம்முள் குடியேற்றிவிடுகின்றது. குடித்துவிட்டு வந்து அடித்த தந்தையை வெறுத்த மகன், குடிக்காமலே தன் பிள்ளையை அடிக்கின்றான். மாமியாரின் கடுஞ்சொல்லால் அழுத மருமகள், தான் மாமியாரானபோது அதே சொல்லைத் தேடி எடுக்கின்றாள். ஷோத்தோ இதனை 15 வயதில் கண்டுகொண்டது பெரும்பேறு.

தோற்றவர்களுக்கான துணைப்பயிற்சியில் அவனுக்குக் கிடைத்த பணி ஒரு வகுப்புத் தொடக்கப்பள்ளிக் குழந்தைகளின் மனத்தை வெல்வது. அடங்காத குழந்தைகள். பெரிய பேச்சு எதுவும் பயன்படவில்லை. இறுதியில் ஷோத்தோ தன் பனியைக் கொண்டு குழந்தைகளுக்குச் சறுக்குமரம் கட்டினான். முன்பு பகைத்த இனாசாவின் காற்றும் அதில் சேர்ந்தது. சிறுவயதில் விளையாட விடப்படாத ஒருவன் பிற குழந்தைகளின் விளையாட்டுக்கு வழிசெய்தான். இதனைப் பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் கண்டார். அவர் எண்டெவர்.

வாசலில் நின்ற தந்தை

இதற்குள் ஆல் மைட் ஆற்றல் இழந்து ஓய்வு பெற்றுவிட்டார். எஞ்ஜி வாழ்நாளெல்லாம் தேடிய முதலிடம், வெல்லாமலே, அவர் மடியில் வந்து விழுந்தது. அப்போதுதான் அவர் திரும்பிப் பார்த்தார்: மனைவி மருத்துவமனையில், ஒரு மகன் கல்லறையில், ஒரு மகன் முகம் பாராதவன், ஒரு மகனின் முகத்தில் தழும்பு. எந்த இடத்திற்காக இத்தனையும் செலவிட்டாரோ அந்த இடம் வெறும் நாற்காலியாக இருந்தது.

ஃபுகுவோகாவில் கொடிய அரக்கன் ஒன்றோடு அவர் உயிர்போகும் நிலையில் பொருதியதை ஷோத்தோ பள்ளி விடுதியின் தொலைக்காட்சியில் கண்டான். போர் முடிந்து தந்தை உயிரோடு நின்றபோது அவனுக்குக் கால்கள் தளர்ந்தன. வெறுத்த மனிதர் சாகக்கூடாதே என்று தன் உடல் நடுங்கியதை அவனே வியப்போடு உணர்ந்தான். அப்போரில் தந்தையின் முகத்தின் இடப்பக்கத்திலும் நீண்ட தழும்பு விழுந்தது.

அதன்பின் வீட்டில் கூடிய உணவு வேளை இக்கதையின் சிறந்த காட்சிகளுள் ஒன்று. ஃபுயுமி அன்போடு சமைத்துவைத்து, இது ஒரு குடும்பமாக வேண்டும் என்று ஏங்குகின்றாள். நாட்சுவோ தந்தையின் எதிரே அமரமுடியாமல் எழுந்து செல்கின்றான். ஷோத்தோ நடுவில் இருக்கின்றான். அவன் சொன்னதன் கருத்து இது: நீங்கள் பெரிய வீரர் என்பதைக் கண்டேன், அம்மாவுக்குச் செய்ததை நான் மன்னிக்கவில்லை, தந்தை என்ற முறையில் இனி நீங்கள் எப்படி இருக்கப்போகிறீர்கள் என்பதைப் பார்க்க விரும்புகின்றேன். பொய்யான சமாதானம் இல்லை, அறுத்தெறிதலும் இல்லை. கதவை முழுதும் திறக்காமல், தாழ்ப்பாளை மட்டும் எடுத்துவைத்தான்.

மற்றொரு நாள் மிதோரியா அவ்வீட்டில் உண்டுவிட்டு ஷோத்தோவிடம் மென்மையாக ஒன்று சொல்கின்றான். நீ மன்னிப்பதற்கு உன்னை ஆயத்தப்படுத்திக்கொண்டிருக்கிறாய்போல் தோன்றுகிறது, நீ அன்புள்ளவன் என்கிறான். மன்னிக்க முடியாவிட்டால் மன்னிக்கவேண்டாம் என்பதும் அச்சொல்லில் அடங்கும். நாம் பலமுறை என்ன செய்கின்றோம்? அப்பாதானே, மறந்துவிடு என்கின்றோம். பெற்றவள்தானே, பொறுத்துக்கொள் என்கின்றோம். காயம் எத்தனை ஆழம் என்று கேட்பதற்கு முன்பே மருந்துச்சீட்டு எழுதிவிடுகின்றோம். மன்னிப்பு உயர்ந்தது; ஐயமில்லை. ஆனால் கட்டளையிட்டு வாங்கிய மன்னிப்பு ஒருபோதும் நெஞ்சிற்குள் இறங்குவதில்லை.

எஞ்ஜி இதனை உணர்ந்துகொண்டார் என்பதே அவர் மனமாற்றத்தின் அடையாளம். மன்னிப்பு வேண்டாம், ஈடுசெய்ய விரும்புகின்றேன் என்ற நிலைக்கு அவர் வந்தார். ரேய் விரும்பும் மலர்களை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றார். ஆனால் தம்மைக் கண்டால் அவர் கலங்குவார் என்று அறைக்குள் செல்லவில்லை. மனைவியும் பிள்ளைகளும் அச்சமின்றிக் கூடிவாழப் புதிய வீடு ஒன்றைக் கட்டினார். அவ்வீட்டில் தாம் வாழ்வதில்லை என்றும் முடிவுசெய்தார். தொலைவில் வரும் மகனைக் கண்டு ஓடிச்சென்று தழுவிய தந்தையின் உவமையை நாம் அறிவோம். இங்கே நிலை தலைகீழாயிற்று. தொலைவுக்குப் போனவர் தந்தை. வாசலில் நிற்பவரும் தந்தை. உள்ளே அழைக்கும் உரிமை பிள்ளைகளுடையது.

இறந்தவன் திரும்பினான்

அமைதி நெடுநாள் நீடிக்கவில்லை. தீயோர் கூட்டத்தில் ‘தாபி’ என்ற பெயரில் நீலநெருப்போடு கொலைபுரிந்து திரிந்தவன், தானே தோயா என்று நாடறிய வெளிப்படுத்தினான். உடல் முழுதும் எரிந்த தோலும் தைத்த தோலுமாக, தந்தையின் வீட்டுக்குற்றங்களை ஊரெல்லாம் கேட்க ஒளிபரப்பினான். பெரும்போர் மூண்டு நகரங்கள் அழிந்தன. எஞ்ஜி மருத்துவமனைப் படுக்கையில் மனமுடைந்து கிடந்தார்.

அப்போது அந்த அறைக்குள் ரேய் வந்தார். நாட்சுவோவும் ஃபுயுமியும் ஷோத்தோவும் உடனிருந்தனர். ஒருகாலத்தில் கணவரின் முகம் நினைவில் வந்தாலே நடுங்கிய பெண், இன்று அவர் முன் நிமிர்ந்து நின்றார். தோயாவின் தனிமையைக் காணாதது உங்கள் குற்றம் மட்டுமன்று, எங்களுக்கும் பங்குண்டு. கிடந்து அழ நேரமில்லை. எழுந்து அவனைத் தடுக்கவேண்டும் என்ற கருத்தில் பேசினார். இவ்வலிமை அவருக்கு எங்கிருந்து வந்தது? எங்கள் எல்லாரையும்விட வெறுக்க உரிமையுள்ளவன் ஷோத்தோ. அவனே முதலில் வந்து எங்களை மீண்டும் இணைத்தான் என்று தாயே காரணம் காட்டுகின்றார். நடுங்கும் கையோடு ஒருவன் திறந்த கதவு ஒரு குடும்பத்துக்கே வழியாயிற்று.

இறுதிப்போரில் ஷோத்தோ அண்ணனை எதிர்த்து நின்றான். அவனிடம் இப்போது புதிய முறை ஒன்று இருந்தது. வலப்பக்கக் குளிரையும் இடப்பக்க வெப்பத்தையும் நெஞ்சின் நடுவே ஒன்றாக்கி, இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்படி உடலெங்கும் ஓடச்செய்தான். தந்தை எண்ணியதும் நெருப்பும் பனியும் சேர்ந்த பிள்ளையே. ஆனால் தந்தை எண்ணியது ஆல் மைட்டை வெல்ல. மகன் அதனை ஆக்கியது எரியும் அண்ணனைக் கொல்லாமல் அணைக்க. அதே உடல், அதே ஆற்றல். நோக்கம் மட்டும் அவனுடையது. ‘தனித்தன்மை’ என்ற சொல்லின் பொருள் இங்கேதான் நிறைவேறுகின்றது.

ஆயினும் ஒரு தடுப்போடு அது முடியவில்லை. மீண்டும் எழுந்து தன்னையே வெடித்து அழிக்க முனைந்த தோயாவை நோக்கித் தாயும் தங்கையும் தம்பியும் ஓடினர். ரேய் தம் உடல் வெந்தும் விலகாமல் மகனைப் பனியால் தழுவினார். தொலைவிலிருந்து விரைந்துவந்த ஷோத்தோ இறுதிப் பனியைச் சேர்த்தான். மலையில் 13 வயதில் பார்ப்பாரின்றி எரிந்தவனை, ஆண்டுகள் கழித்துக் குடும்பம் முழுதும் பார்த்தது. காலம் கடந்த பார்வைதான், ஆயினும் பார்வை.

நூடுல்ஸ் பற்றிய ஒரு கேள்வி

கதை இங்கே இனிய முடிவைத் தரவில்லை. தோயா கருவிகளுக்குள் வைத்துக் காக்கப்படும் உயிராகின்றான். அவன் வாழ்நாள் மெல்லத் தேய்கின்றது. ஒரு கையை இழந்து சக்கர நாற்காலியில் அமர்ந்த எஞ்ஜி, வீரத்தொழிலை விட்டு, நாள்தோறும் அவனிடம் வந்து பேசுவதாக உறுதி கூறுகின்றார். நாட்சுவோ தந்தையோடு இனி உறவில்லை என்று விலகுகின்றான். அதனைக் கதை பழிக்கவில்லை, தந்தையும் எதிர்க்கவில்லை. இக்கதை தந்தைக்கு மிகையாக இரங்குகின்றது என்று கூறுவோர் உண்டு. அவர்களுக்கு நாட்சுவோவே விடை. வருந்தும் தந்தைக்கும் இழந்தது எல்லாம் திரும்பக் கிடைப்பதில்லை. மனம் வருந்தியவர் விளைவுகளையும் சுமந்தே ஆகவேண்டும்.

அந்தக் கடைசிச் சந்திப்பில் ஷோத்தோ அண்ணனிடம் கேட்பது வியப்பான கேள்வி. உனக்குப் பிடித்த உணவு எது? அண்ணன் ‘சோபா’ என்கின்றான். ஜப்பானியர் விரும்பி உண்ணும் நூடுல்ஸ் வகை அது; ஷோத்தோவுக்கும் அதுவே பிடிக்கும். ஒரே வீட்டில் பிறந்த இருவர், ஒருவருக்கொருவர் எது பிடிக்கும் என்பதையே அறியாமல் வளர்ந்திருந்தனர். மாபெரும் வீரனாகப் பயிற்றுவிக்கப்பட்ட மகன், எல்லாம் முடிந்தபின் கற்றுக்கொண்டது ஒரு தம்பி தன் அண்ணனிடம் சாதாரணமாகக் கேட்கும் கேள்வியை. அவனுடைய உள்ள வளர்ச்சிக்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

பிள்ளைகளின் எதிர்காலம் குறித்து நாம் கனவு காண்பது இயல்பே. கனவு காணாத பெற்றோர் இல்லை. ஆயினும் இந்த வீட்டைக் கண்டபின் நம்மையே சில கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. நாம் எட்டமுடியாத இடத்தைப் பிள்ளை எட்டவேண்டும் என்று விரும்பும்போது, விரும்புவது பிள்ளைக்காகவா, நமக்காகவா? மதிப்பெண் குறைந்த பிள்ளையிடமிருந்து நம் பார்வையும் குறைந்துவிட்டதா? வீட்டுச் சண்டைக்குத் தானே காரணம் என்று மூலையில் ஒரு குழந்தை நினைத்துக்கொண்டிருக்கின்றதா? பிரிந்துபோன உறவு ஒன்றின் கதவருகே யாரேனும் கை நடுங்க நிற்கின்றார்களா?

இன்றிரவு உணவு வேளையில் பிள்ளைகளிடம் பாடத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன், அவர்களுக்குப் பிடித்த உணவு எது என்று கேட்போம். நமக்குத் தெரியும் என்று நினைத்திருப்போம். கேட்டுப் பார்ப்போம்.